விண்வெளிக் கையுறையும் வரிப்பணமும்

நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி, 2011ல் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய எந்திர மனிதன் ரோபோநாட் 2. அதன் விரல் நுட்பத்திலிருந்து வந்ததுதான் ரோபோ கையுறை. கருவியைப் பிடிக்க 15-20 பவுண்ட் விசை வேண்டிய இடத்தில், இதை மாட்டினால் 5-10 பவுண்டே போதும். 2016ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதன் உரிமத்தை சுவீடனின் பயோசர்வோ நிறுவனத்துக்குக் கொடுத்தது.

மக்கள் வரிப்பணமும் சேர்ந்து உருவானதைத் தனியாருக்குக் கொடுப்பதா? கொடுக்கட்டும், தப்பில்லை! பீரோவில் பூட்டி வைத்த காப்புரிமையால் யாருக்கு லாபம்? நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்கும் தொழிலாளியின் கைவலி அதனால் தீராது.

ஆனால் உரிமக் கட்டணத்தோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது. பக்கவாதத்தால் பிடி தளர்ந்தவருக்கும் கட்டுப்படியாகும் விலை என்பதை இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்தாகவே எழுத வேண்டும். வரி கட்டியவர்களுக்கு அதுதான் டிவிடெண்ட்!