பாறைக்குள் தங்கிவிடும் எண்ணெய்

வழக்கமான முறைகளில் இறைத்து முடித்த எண்ணெய் வயல்களில், இருந்த கச்சா எண்ணெயில் பாதிக்கு மேல் பெரும்பாலும் நிலத்தடியிலேயே தங்கிவிடுகிறது. ரசாயனங்களைச் செலுத்தி எண்ணெயை மீட்கும் முறையின் இலக்கு இந்த எண்ணெய்தான்.

எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. தொடக்கத்தில் இயற்கை அழுத்தம் அதை மேலே தள்ளும். அழுத்தம் குறைந்ததும் தனிக் கிணறுகள் வழியாகத் தண்ணீரைச் செலுத்துவார்கள். ஆனால், தடித்த எண்ணெயை நெட்டித் தள்ளத் தண்ணீருக்கு வலுப் போதாது. எளிதாக வழிவிடும் அடுக்குகளில் புகுந்து, எண்ணெயைச் சுற்றிக்கொண்டு உற்பத்திக் கிணற்றுக்கு வந்துவிடும். பழைய வயல்களில் மேலே வருவதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக இருப்பதும் உண்டு.

இந்த ரசாயனங்களில் ஒன்றான பாலிமர் செய்வது, செலுத்தும் தண்ணீரைக் கஞ்சிபோலக் கெட்டியாக்குவதுதான். பாலிஅக்ரிலமைடு வகைப் பொடி லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கலந்தாலே போதும். ஆனால் பக்குவம் முக்கியம். அவசரமாகக் கொட்டினால் கட்டி தட்டும். வேகமாகக் கலக்கினாலோ குறுகிய வால்வில் அழுத்திச் செலுத்தினாலோ அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, கெட்டித்தன்மை போய்விடும். உப்பும் கடும் வெப்பமும் அதற்கு ஆகாது. வளைகுடா நாடுகளின் சூடான, உப்பு மிகுந்த சுண்ணாம்புப் பாறைகளில் இம்முறை பரவாததற்கு இது முக்கியக் காரணம்.

துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளிகளைப் பாலிமர் மட்டும் பெயர்த்துவிடாது. அதற்குச் சோப்பின் குணமுள்ள ரசாயனங்கள் வேண்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான இழுவிசையை அவை ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைக்கின்றன. செலவைக் குறைக்கக் காரமும் சேர்ப்பார்கள்.

பாலிமர், சோப்பு ரசாயனம் ஆகிய இரண்டையும் பெரிய அளவில் சோதித்த வயல் சீனாவின் டாச்சிங். 1959-இல் கண்டறியப்பட்ட அந்த வயலில், 1996 முதல் பாலிமர் தொழில் அளவில் செலுத்தப்படுகிறது. மொத்த இருப்பில் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. பாலிமருடன் காரமும் சோப்பு ரசாயனமும் சேர்ந்த கலவையில் அது ஏறக்குறைய 20 சதவீதம். ஆனால் காரம் பாறையின் சிலிக்காவைக் கரைத்து, கிணற்றுக் குழாய்களிலும் பம்புகளிலும் கல்லாகப் படிய வைத்தது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாத குழம்பாக வந்தது இன்னொரு தலைவலி. ஆதாயக் கணக்கில் இவற்றையும் கழித்தே பார்க்க வேண்டும். டாச்சிங்கிற்குக் கைகொடுத்தவை சுமார் 45 டிகிரி வெப்பமும் உப்புக் குறைந்த நீரும். எல்லா வயலுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தியாவில் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலுள்ள மங்களா வயல் இம்முறைக்கு நல்ல சான்று. 2004-இல் கண்டறியப்பட்டு 2009-இல் உற்பத்தி தொடங்கிய அதில், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளிலேயே பாலிமர் வயல் முழுவதும் செலுத்தப்பட்டது. பாலிமர் தேவைப்படும் என்று முன்கூட்டியே திட்டமிட்டதுதான் அதன் பலம். குஜராத் போன்ற இடங்களின் முதிர்ந்த வயல்களில் பாலிமர் பற்றிய பேச்சு பெரும்பாலும் தண்ணீர் மிகுந்த பிறகே தொடங்குகிறது.

2018-இல் மத்திய அரசு வகுத்த கொள்கை, வயல்கள் இத்தகைய முறைகளுக்கு ஏற்றவையா என ஆராய்வதைக் கட்டாயமாக்கியது; கூடுதல் எண்ணெய்க்குரிய செஸ் வரியில் பாதியைத் தள்ளுபடி செய்தது. சலுகை நல்லதுதான். ஆயினும் ஆய்வகச் சோதனையிலிருந்து முழு வயலுக்குப் போகப் பல ஆண்டுகள் பிடிக்கும். எனவே, புதிய வயலின் முதல் வளர்ச்சித் திட்டத்திலேயே ரசாயனச் சோதனைக்கான கிணறுகளையும் நிதியையும் ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும்.