ஜன்னல் கம்பி திறக்குமா?

2024 செப்டம்பர் 12ம் தேதி விடியற்காலையில், மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்ராபாளையம் தெருவில் ஒரு பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. தங்கியிருந்த ஆசிரியைகள் இருவர் இறந்து போனார்கள். எங்கள் தெருவில் நாலு நாள், 'பிரிட்ஜை எங்கே வைக்கணும், ஒயரிங் சரியா' என்றே பேச்சு. படுக்கிற அறையிலிருந்து வெளியே வர எத்தனை வழி என்று ஒருத்தரும் பேசக் காணோம்.

நம் வீடுகளைத்தான் பாருங்களேன். மாசி வீதிகளுக்கு உள்ளே வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். முன்னே நடுவில் முற்றமும், பின்னால் கொல்லை வாசலும் இருந்தன. போர்ஷன் போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டதில் முற்றத்துக்கு மூடி போட்டாச்சு. கொல்லை வாசலை மறித்துக்கொண்டு பீரோ நிற்கிறது. ஒத்தக்கடைப் பக்கம் பிளாட் போட்டுக் கட்டும் புது வீட்டில் மட்டும் என்ன வாழுதாம்? பெட்ரூம் கதவு ஹாலில்தான் திறக்கும்.

இங்கிலாந்தில் இதற்கு விதியே இருக்கிறது. இன்னொரு அறை வழியாக மட்டுமே வெளியேற முடிகிற அறையை 'உள் அறை' என்கிறார்கள். குளியலறை, சமையலறை அப்படி இருக்கலாம். படுக்கையறை என்றால் ஆள் வெளியேறும் ஜன்னல் வேண்டும். திறப்பு 450 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அடிப்பக்கம் தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அவர்கள் 'ஹால்' என்பது வாசலுக்குப் போகும் நடை. நம் ஹாலிலோ டிவி, பிரிட்ஜ், இன்வர்ட்டர் எல்லாம் இருக்கும். அந்தக் கணக்குப்படி நம் பெட்ரூம் முக்கால்வாசியும் உள் அறைதான்!

நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பிலும் (2016) ஜன்னல் அளவு உண்டு. வறண்ட வெப்பப் பகுதி என்றால் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் போட்ட கணக்கு. ஜன்னல் பெரிதாக வைத்து, முழுக்கக் கம்பி அடித்தாலும் கணக்குச் சரியாகிவிடும். ஆள் வெளியே வர முடியுமா?

"கம்பி இல்லாட்டி திருடனுக்குத்தான் வசதி" என்பார் வீட்டுக்காரர். கம்பியே வேண்டாம் என்றா சொல்கிறோம்? அறைக்கு ஒரு ஜன்னலில் மட்டும் கிரில்லுக்குக் கீல் வைத்து, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் உள்தாழ்ப்பாள் போட்டால் போதும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். பூட்டு மட்டும் கூடாது. புகை மூட்டத்தில் சாவியை எங்கே தேடுவது? அமெரிக்க வீட்டு விதியில்கூட, தப்பிக்கும் ஜன்னலின் கம்பி சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளேயிருந்து திறக்க வேண்டும்.

பிளான் போடும்போது அடுப்பு எந்த மூலை என்று வாஸ்து கேட்கிறோம். அந்த அடுப்படியில் தீப்பிடித்தால் உள்ளே தூங்கும் பிள்ளை எந்த வழியாக வரும் என்றும் இன்ஜினீயரிடம் கேட்டு, பேப்பரில் கோடு போட்டுக் காட்டச் சொல்லலாமே! வாடகை வீட்டில் கிரில்லைப் பற்றி ஓனரிடம் பேசச் சங்கடம்தான். கொல்லை வாசல் பீரோவை நகர்த்த அவரைக் கேட்க வேண்டியதில்லை.

- ஒரு வாசகி, மதுரை.