பேயோட்டிக்குச் சாசுவதம், மனநோய் வைத்தியருக்கு ஒப்பந்தமா?

மனநோய் வைத்தியம் படித்தால் அந்த உத்தியோகம் கடைசிவரை நிலைக்குமா என்கின்ற கேள்வி இப்போது வைத்தியக் கல்லூரிப் பிள்ளைகளிடையே எழுந்திருக்கின்றது. கம்ப்யூட்டரே நோயாளியோடு பேசுகின்றதாம். ஆலோசனை கைப்பேசியிலேயே கிடைக்கின்றதாம். மனோதத்துவம் படித்தவர்களும், நர்சுகளும், பொது வைத்தியர்களும் இவ்வேலையில் பங்குக்கு வருகின்றார்களாம். விசைத்தறி வந்து கைத்தறிக்காரர் வயிற்றில் அடித்ததைக் கண்ணால் பார்த்த காஞ்சிபுரம் ஜில்லாக்காரருக்கு இந்தப் பயம் விளங்காததல்ல.

டாக்டருடைய உத்தியோகத்தைப் பற்றித் தாமலில் உழுகின்றவருக்கும், நெய்கின்றவருக்கும் என்ன கவலை என்று கேட்கலாம். தோழர்களே! தாமலில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஆனால், வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் நம்மவர் முதலில் ஏறுகின்ற பஸ் எங்கே போகின்றது? குறி சொல்லுகின்றவனிடமும், வேப்பிலை அடிக்கின்றவனிடமும், தாயத்துக் கட்டுகின்றவனிடமுமல்லவா போகின்றது?

இந்தப் பேயோட்டியின் உத்தியோகத்தைச் சற்றுப் பாருங்கள். பரீட்சை இல்லை, மாற்றல் இல்லை, தள்ளுபடி இல்லை. நோய் தானாகத் தணிந்தால் அவன் மகிமை. தணியாவிட்டால் நோயாளியின் பூர்வஜென்ம வினை. இப்படிப்பட்ட சாசுவதமான உத்தியோகம் கலெக்டருக்குக்கூடக் கிடையாது. இதற்கு நாம் கொடுத்த விலை என்ன? 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி, ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இதை ஒரு மதத்தின் குற்றமென்று எந்த மதத்தாரும் தப்பித்துக் கொள்ள வேண்டாம். கோவில் மண்டபங்களிலும், மாதா கோவில் வாசல்களிலும் இதே மூடநம்பிக்கைதான் காத்துக் கிடக்கின்றது.

நிற்க, இயந்திரம் வந்து மனநோய் வைத்தியரின் வேலையைப் பறித்துவிடும் என்பதைக் கவனிப்போம். 1952ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது. 1955இல் அமெரிக்க சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரிகளில் 5 லட்சம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். பிறகு அந்தக் கட்டிடங்கள் காலியாயின. ஆனால் வைத்தியரின் வேலை காலியாகவில்லை. அது மதிலுக்குள்ளிருந்து ஊருக்குள் வந்தது. அதுபோலவே, 2022இல் ஆரம்பித்த டெலி மானஸ் என்னும் 14416 டெலிபோன் சேவையில் முதலில் ஆலோசகர் பேசினாலும், நோய் கடுமையாயிருந்தால் வைத்தியரிடம்தான் அனுப்ப வேண்டும். புதுக்கோட்டை ஜில்லாக் கிராமங்களுக்கு ஸ்கார்ஃப் ஸ்தாபனத்தின் பஸ் போனபோது, அதிலிருந்த திரையில் பேசியவரும் ஒரு வைத்தியர்தான். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, தானே முடிவு செய்ய முடியாத நிலையிலுள்ள நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு, சோதிக்கும் இருவரில் ஒருவர் மனநோய் வைத்தியராய் இருக்க வேண்டும். சங்கிலி போடுவதையும் அச்சட்டம் தடுக்கின்றது. இந்தப் பொறுப்பை எந்த இயந்திரத்தின் தலையில் வைப்பது? முகத்தைப் பாராமல் இரண்டு நிமிஷத்தில் மாத்திரை எழுதுவதே தொழில் என்று ஆக்கிக் கொண்டவர் வேண்டுமானால் இயந்திரத்திற்குப் பயப்படட்டும்.

ஆகவே வேலை இல்லாமல் போகாது. 2019இல் வெளியான ஒரு கணக்குப்படி இந்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு முக்கால் மனநோய் வைத்தியர்தான் உண்டு. 3 பேராவது வேண்டுமாம். 2015-16இல் எடுத்த தேசிய ஆய்வில், பெரும்பாலான மனநோய்களில் 100க்கு 70 பேருக்கு மேல் வைத்தியமே கிட்டவில்லை என்று தெரிந்தது.

ஆனால் வேலை இருப்பது வேறு, உத்தியோகம் இருப்பது வேறு. ஊரில் பசி இருக்கின்றதென்பதற்காகச் சமையற்காரருக்குச் சம்பளம் வந்துவிடுமா? மனநோயாளியின் குடும்பத்தில் சம்பாத்தியம் குறைந்து போகின்றது. அவர்களால் பீஸ் கொடுக்க முடியாது. சர்க்கார்தான் கொடுக்க வேண்டும். சர்க்காரோ, ஜில்லா மனநலத் திட்டத்தின் பதவிகள் பலவற்றைப் பல மாகாணங்களில் ஒப்பந்தத்தின் பேரிலேயே வைத்திருக்கின்றது. மனநோயோ வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய நோய். வைத்தியர் அடிக்கடி மாறினால் நோயாளி தன் கதையைப் புதிது புதிதாய்ச் சொல்ல வேண்டும். அலுத்துப்போய் மருந்தை விடுவார். பழையபடி வேப்பிலைக்காரனிடம் போவார். ஆதலால் வைத்தியரின் உத்தியோகத்திற்குள்ள பத்திரம் நோயாளியின் பத்திரமேயாகும்.

2017ஆம் வருஷத்துச் சட்டமே, அமலுக்கு வந்து பத்து வருஷத்திற்குள் உலக அளவுக்குத் தக்க எண்ணிக்கையில் மனநல நிபுணர்கள் இருக்கும்படி முயல வேண்டுமென்று சர்க்காருக்குச் சொல்லுகின்றது. அது அமலுக்கு வந்தது 2018இல். கெடு 2028. தாலுகா ஆஸ்பத்திரிகள் வரை நிரந்தரப் பதவிகளை ஏற்படுத்தாமல் இந்த எண்ணிக்கை எப்படி வரும் என்று நாம் கேட்கின்றோம். வைத்தியர்களும், பட்டணத்தை விட்டு நகரமாட்டோமென்று சொல்லிக்கொண்டே உத்தியோகத்திற்குப் பத்திரம் கேட்பது நியாயமாகாது.

கடைசியாக, பொதுஜனங்களுக்கு ஒன்று சொல்லுவோம். பேயோட்டியின் உத்தியோகத்தைச் சாசுவதமாக்கியது சர்க்காரல்ல. நம்முடைய எலுமிச்சம்பழமும், கோழியும், காணிக்கையுமே. அவற்றை நிறுத்துங்கள். ஓட்டுக் கேட்க வருகின்றவரிடம், எங்கள் ஆஸ்பத்திரியில் நிரந்தர மனநோய் வைத்தியர் எங்கே என்று கேளுங்கள். பேயோட்டியின் உத்தியோகம் போகின்ற அன்றைக்குத்தான் வைத்தியரின் உத்தியோகம் நிலைக்கும். நம் வீட்டு நோயாளியும் பிழைப்பார்.