நர்சுக்குக் கல் நெஞ்சமா?

இரவு ஷிப்டு. மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறாள். டாக்டரும் நர்சும் சிப்பந்தியும் முக்கால் மணி நேரம் போராடுகிறார்கள். குழந்தை பிழைக்கவில்லை. தாயின் கதறல் அடங்குமுன் அடுத்த குழந்தை வந்துவிடுகிறது. கையைக் கழுவிவிட்டு அதே நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும்.

"மன உறுதி வேண்டும்" என்று உபதேசிக்கிறது நிர்வாகம். நாம் கேட்கிறோம்: மில்லில் பக்கத்துத் தொழிலாளியின் கை மிஷினில் சிக்கியதைக் கண்டவன் அன்றிரவு தூங்கினானா? உறுதி இல்லாததாலா தூங்கவில்லை? மனிதன் என்பதால்!

1983-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களைக் கோரச் சம்பவத்துக்குப் பின் கூட்டிவைத்துப் பேசச் செய்யும் முறையை வகுத்தார். ஆனால் ஒரே தடவை பேசவைத்தால் பின்னால் வரும் மனநோயைத் தடுக்க முடியவில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டின. வழக்கமாக அதைச் செய்ய வேண்டாமென்று 2005-ல் பிரிட்டனின் சுகாதார வழிகாட்டு நிறுவனமே சொல்லிவிட்டது. ஆகவே, ஒரு நாள் பேச்சாளரை அழைத்துவந்து கணக்குத் தீர்க்கும் வித்தை செல்லாது!

வாய் திறந்தால் தண்டனை என்றால் எவர் பேசுவார்? 2017 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரைப் பாருங்கள். ஆக்ஸிஜன் கம்பெனிக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பணம் பாக்கி. ஆகஸ்ட் 10 இரவு சப்ளை தடைப்பட்டது. அந்தச் சில நாட்களில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். ஆக்ஸிஜன் காரணமல்ல என்றது சர்க்கார். ஆனால் சிலிண்டருக்கு அலைந்த டாக்டர் கஃபீல் கானோ சுமார் 8 மாதம் சிறையில் கிடந்தார்! அவர் அலட்சியம் செய்ததற்கு ஆதாரமில்லை என்று கூறி 2018-ல் ஜாமீன் தந்தது அலகாபாத் ஹைகோர்ட். பாக்கி வைத்தது யார்? பழி சுமந்தது யார்?

தோழர்களே! பிள்ளையைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் நர்ஸ்மீது கை ஓங்குவோர் நம்மிலும் உண்டு. அவள் எதிரியல்ல, ஆளும் மருந்தும் தராத அமைப்பே எதிரி.

நாம் கோருவது இவை: குழந்தை இறந்தால், மாற்று ஆள் வார்டைக் கவனிக்க, ஊழியர்கள் சேர்ந்து உட்காரப் பத்து நிமிஷம். விரும்பியவர் பேசட்டும், பேச்சைத் தண்டனைக்குச் சாட்சியாக்காதே. தூக்கம் கெட்டுத் தவிப்பவருக்குச் சம்பளத்தோடு லீவும் சிகிச்சையும் கொடு. காலி இடங்களை நிரப்பு. ஒப்பந்த நர்சுகளை நிரந்தரமாக்கு!

நாளை நம் பிள்ளையைத் தொடப்போகும் கை அது. அது நடுங்காதிருக்க நாமும் போராடுவோம்!