முந்திரிக்குப் புட்டியா, ஒட்டா?

திசு வளர்ப்பு வாழை மாதிரி முந்திரியும் வராதா என்று நெல்லித்தோப்புப் பக்கம் நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்ட முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது, ஒரே நேரத்தில் எவ்வளவு கன்று வேணும்னு பார்த்தோமே!

ஆனால் முந்திரி வாழை இல்லை. வயசான மரத்துத் தளிரைப் புட்டியில் வைத்தால் கறுத்துப்போகும். இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். வளர்ப்புக் கூழில் லிட்டருக்குச் சுமார் 30 கிராம் சர்க்கரை. தளிருக்கு வைத்த சோறு பூஞ்சைக்கும் சோறுதானே! மேலே ஒட்டியதைக் குளோரின் கரைசல் கழுவும்; திசுவுக்குள் குடியிருப்பதைத் தொடாது. மரத்தில் அது சும்மா கிடக்கும், சிலது உதவியும் செய்யும். புட்டிக்குள்தான் அது எதிரி.

இதற்காக மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பில் தளிரைக் கழுவும் ஆய்வுக்கூடங்களும் உண்டு. அந்தக் கழுவுநீர் எங்கே போகுது? தடுப்பு தாய்ச்செடியிலேயே தொடங்கணும். ஒட்டுச்செடியைக் கூரைக்குக் கீழே வைத்து, இலை நனையாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் விட்டு, புதுத்தளிரை எடுக்கணும். மழைக்காலத்தில் தோப்பு மரத்தில் கிள்ளக் கூடாது.

நமக்கு இன்றைக்கு இளந்தண்டு ஒட்டே போதும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரகம் ஒட்டுக்கன்றாகத்தான் தோப்புகளுக்கு வந்தது. சுத்தமான கத்தி, நல்ல ஒட்டுக்குச்சி, பாலித்தீன் நாடா இருந்தால் நாமே கட்டலாம். திசு வளர்ப்பு முந்திரி என்று யாராவது விற்க வந்தால் இரண்டு கேள்வி கேளுங்க: தாய்மரம் எது? எதில் கழுவினீங்க?