பத்து விரலில் இதய நோய்: தாதியர் பயிற்சி குறித்த எங்கள் நிலைப்பாடு

பதுளை மாவட்டத்தில் பணிபுரியும் ஒவ்வொரு தாதியும் இதய நோய்க்கான காரணிகளை ஏடு பார்க்காமல் சொல்லவும், தோட்ட மக்களின் பேச்சிலேயே விளக்கவும் பயிற்சி பெற வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 வீதத்தை ஒன்பது காரணிகளே விளக்குகின்றன என்று காட்டியது. தென்னாசியருக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருவதும் அதே ஆய்வில் தெரியவந்தது. அந்த ஒன்பதையும் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

இடக்கை அளந்து அறிவது: பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், இடுப்புச் சுற்றளவு. பெருவிரல் மட்டும் மாற்ற முடியாத வயதுக்கும் குடும்ப வழிக்கும். வலக்கை கேட்டு அறிவது: புகையிலை, மது, காய்கறி பழம் குறைந்த சாப்பாடு, உடலுழைப்பின்மை, மனச்சுமை.

மனப்பாடம் மட்டும் போதாது. "புகைப்பீர்களா?" என்று கேட்டால் கொழுந்து பறிக்கும் அம்மா இல்லை என்பார்; வெற்றிலையோடு மெல்லும் புகையிலை கணக்கில் வராமல் போகும். நாளெல்லாம் மலையேறி இறங்குபவரிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேசிப் பயனில்லை. அவரிடம் கருவாட்டிலும் சம்பலிலும் சேர்ந்து பிரஷரை ஏற்றும் உப்பைப் பற்றிப் பேச வேண்டும். நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலையை விட்டு லயத்தில் இருக்கும் தாத்தாவுக்கோ நடையே முதல் அறிவுரை.

ஆகவே நாங்கள் கோருவது:

1. தாதியர் பயிற்சியிலும் பணியிடைப் பயிற்சியிலும் இந்த விரல் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் இடம்பெற வேண்டும். சிங்களம் பேசும் தாதியருக்குத் தோட்டத்துத் தமிழ்ச் சொற்களையும் கற்பிக்க வேண்டும்.

2. நோயாளி தலையாட்டியதும் பாடத்தை முடிக்கக் கூடாது. கேட்டதை அவரே தம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

3. கிளினிக் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களின் பரிசோதனை, ஆகவே, காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்துக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் வர வேண்டும்.

4. நெஞ்சை அழுத்தும் வலியை "வாயு" என்று விட்டுவிடாமல் உடனே 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழைக்க ஒவ்வொரு லயத்துக்கும் சொல்லித்தர வேண்டும்.

பசறையிலும் மடூல்சீமையிலும் அப்புத்தளையிலும் பணிபுரியும் தாதியரே, அடுத்த கிளினிக் நாளில் ஒருவருக்காவது உங்கள் பத்து விரல்களை விரித்துக் காட்டுங்கள். அவர் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார்.