காது கொடுத்த டொக்டர்



"மௌலவி, எங்களிடம் பணமும் இல்லை, பெரிய படிப்பும் இல்லை. பிறருக்கு நாங்கள் என்னதான் செய்ய முடியும்?" இந்தக் கேள்வியைப் பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஸதகா என்றதும் நமக்குப் பணப்பைதான் நினைவுக்கு வருகிறது. இந்த மாதம் பெரிய படிப்புப் படித்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவர் செய்த பெரிய வேலைக்கு அந்தப் படிப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

திருநெல்வேலி என்றதும் அல்வாவை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. ஊர்ச்சனம் 'தின்னவேலி' என்பார்கள். மரக்கறிச் சந்தைக்குப் பேர்போன இடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பதும் அங்கேதான். அங்கே உடற்கூற்றியல் துறைக்குத் தலைவியாக இருந்தவர் டொக்டர் ராஜினி திராணகம. 1954இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தமிழ்ப் பெண். சிங்களவரை மணந்தவர், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். 1983இல் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போனார். அங்கேயே இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வழி தேடியவர்களே அதிகம். இவரோ திரும்பி வந்தார்.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கச் சண்டையிட்டது. பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வீடுகளில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை விரித்து எழுத என் பேனா கூசுகிறது. அந்தப் பெண்கள் வாய் திறக்கவில்லை. திறந்தால் மானம் போகும், மகளுக்கு மாப்பிள்ளை வராது. நம் வீடுகளிலும் இதே பேச்சுத்தானே? "மூடி வை, வெளியே சொல்லாதே" என்று முதலில் சொல்பவர்கள், மன்னிக்க வேண்டும், பெண்களாகவே இருக்கிறார்கள்.

ராஜினி அந்தப் பெண்களைத் தேடிப் போனார். அருகில் உட்கார்ந்தார், அவர்கள் சொன்னதைக் கேட்டார், எழுதினார். மருந்து எழுதத் தெரிந்த கை அழுகையையும் எழுதியது. ஆதரவற்றுப்போன பெண்களுக்காகப் 'பூரணி' என்ற இல்லத்தைத் தொடங்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 'முறிந்த பனை' என்ற நூலைச் சக விரிவுரையாளர்கள் மூவருடன் சேர்ந்து எழுதினார். 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பு உருவானபோதும் முன்னின்றார்.

ஒன்றைக் கவனியுங்கள். முன்பு புலிகளின் காயங்களுக்கு மருந்திட்டவர் அவர். பிறகு அவர்கள் செய்த அநியாயத்தையும் அதே பேனாவால் எழுதினார். அந்நியன் செய்ததைச் சொல்லத் துணிச்சல் போதும். நம்மவன் செய்ததைச் சொல்ல அதைவிடப் பெரிய ஒன்று வேண்டும். சொந்த இனத்தார், பெற்றோர் என்று பாராமல் நீதியின் பக்கம் நிற்கும்படி நம் மார்க்கமும் கட்டளையிடுகிறது. அதை மேடையில் ஓதுவது எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம்.

1989 செப்டெம்பர் 21. பல்கலைக்கழகத்தில் வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவரை, திருநெல்வேலியில் வீட்டுக்கு அருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 35. கொன்றவர்கள் புலிகளே என்று அவருடன் பணியாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

மறு ஆண்டு, 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் வரவழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். ராஜினியின் நண்பர்கள் அந்த அநியாயத்தையும் பதிந்து வைத்தார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் நம் உம்மாமாரின் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அன்று கைக்குழந்தையோடு நடந்த பெண்கள் இப்போது உம்மம்மாக்களாகிவிட்டார்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அஸருக்குப் பிறகு ஒரு கோப்பை தேநீரோடு அவரருகில் உட்காருங்கள். வீட்டுச் சாவியை என்ன செய்தார், பெட்டியில் எதை எடுத்தார், எதை விட்டு வந்தார் என்று கேளுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் மிச்சத் தாள்கள் இருக்குமே, அதில் எழுதினால் போதும்.